எந்தப் பெண் நடந்தாள்?

திட்டக்குடியில் ஈழம் பற்றி யார் கூட்டம் போட்டாலும் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடும். "தலைவர் ஆண்ட மண்ணில் நள்ளிரவில் கழுத்து நிறைய நகையோடு ஒரு பெண் தனியாக நடந்து போகலாம்." கைதட்டல் அதிரும். கல்லூரிப் பெண்பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகவே தட்டுகிறார்கள். கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால் என்ன பாடு என்று அவர்களுக்குத்தானே தெரியும். அந்தக் கைதட்டலைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. என் சண்டை அந்த வாக்கியத்தோடு.

எந்தப் பெண் நடந்தாள்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம நள்ளிரவில் நடக்கவில்லை. வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். 1989 செப்டம்பர் 21. வழியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. ஒரு காலத்தில் புலிகளை ஆதரித்தவர்தான். பிறகு இலங்கை இராணுவம், இந்தியப் படை, புலிகள் என்று யார் செய்த கொலையையும் விடாமல் எழுதிவைத்தார். அதுதான் குற்றம். கொன்றது புலிகள்தான் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள்.

செல்வி அதே பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த மாணவி. கவிஞர். 'தோழி' என்று பெண்களுக்கான இதழ் நடத்தினாள். 1991 ஆகஸ்ட் 30 அன்று புலிகள் பிடித்துப் போனார்கள். மறு ஆண்டு பென் என்ற எழுத்தாளர் அமைப்பு அவளுக்கு விருது அறிவித்தது. வாங்கிக்கொள்ள அவள் இல்லை. திரும்பி வரவே இல்லை.

நகையைப் பற்றியும் பேசிவிடலாம். 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறச் சொல்லிப் புலிகள் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம். அந்தப் பெண்கள் நடந்தார்கள், கைக்குழந்தைகளோடு. வழியில் நிறுத்திக் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மேடையில் இருப்பவருக்கு இது தெரியாதா என்ன?

"அக்கா, அப்போ நீங்க இராணுவத்துப் பக்கமா?" என்று கேட்கிறார்கள். 1996 செப்டம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய கிருஷாந்தி என்ற பள்ளி மாணவியைச் செம்மணி சோதனைச் சாவடியில் சிதைத்துக் கொன்றது அந்த இராணுவம். 2009இல் முள்ளிவாய்க்காலில் அது செய்ததற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. 1983க்குப் பிறகு பிள்ளைகள் ஏன் இயக்கத்துக்கு ஓடினார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பெண்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சீதனம், அடுப்படி, அண்ணன் காவல் எல்லாவற்றையும் ஒரே நாளில் உதறிவிடலாம். மாலதி 1987இல் கோப்பாயில் சண்டையில் இறந்தாள். இயக்கத்தில் களத்தில் விழுந்த முதல் பெண். அவள் துணிவை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் துப்பாக்கி தூக்க அனுமதிப்பதும் எதிர்த்துப் பேச அனுமதிப்பதும் ஒன்றா? முதலாவதை இயக்கம் கொடுத்தது. இரண்டாவதைக் கேட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன். கடைசி ஆண்டுகளில் வன்னியில் பெற்றோர் தங்கள் மகள்களுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பில் கல்யாணமானவளை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பெண் விடுதலை பேசிய இயக்கத்திடமிருந்து மகளைக் காப்பாற்றத் தாய்க்குத் தாலிதான் கிடைத்தது.

சொன்னபடி கேட்கிறவரைக்கும் பாதுகாப்பு. இந்த ஒப்பந்தம் நமக்குப் புதிதா? நம் விருத்தாசலத்தை ஒட்டிய புதுக்கூரைப்பேட்டை கண்ணகியும் தன் ஊரில் பாதுகாப்பாகத்தான் இருந்தாள், தலித் இளைஞர் முருகேசனைக் கல்யாணம் செய்துகொள்ளும்வரை. 2003 ஜூலையில் இருவருக்கும் விஷம் கொடுத்து எரித்தது அவளுடைய சொந்தக்காரர்கள். வண்டியில் தலைவர் படம் ஒட்டிக்கொண்டு தங்கச்சியின் செல்போனைச் சோதிக்கும் தம்பிகளுக்கு அந்த நள்ளிரவு வாக்கியம் இவ்வளவு பிடித்துப்போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதில் பெண் நடக்கிறாள். எங்கே போகிறாள் என்று அவள் முடிவு செய்வதில்லை.

இளைஞர்கள் எல்லோரும் தலைவர் பின்னால் நின்றார்கள் என்பதும் பொய். 1986 நவம்பரில் விஜிதரன் என்ற மாணவன் கடத்தப்பட்டபோது யாழ்ப்பாண மாணவர்கள் புலிகளைக் குற்றம் சாட்டி ஊர்வலம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் முகத்துக்கு நேரே, கையில் ஒன்றுமில்லாமல். விஜிதரன் கிடைக்கவில்லை. போராட்டத்தில் முன்னால் நின்ற விமலேஸ்வரன் 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் கல்லூரிச் சுவர்களில் எந்தச் சுவரொட்டியிலும் இவர்கள் முகம் இல்லை. ராஜினியும் மூன்று நண்பர்களும் எழுதிய 'முறிந்த பனை' தமிழில் வந்திருக்கிறது. மேடைக்குப் போகிற பிள்ளைகள் அதையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.