பாடும் கிதார்

செகந்திராபாத்தில் நம்மவர் வாழும் பத்மராவ் நகரில் மாலை வேளையில் நடந்தால், வீணை ஒலித்த இல்லங்களில் இன்று கிதார் ஒலிக்கக் கேட்கிறோம். பெற்றோர் சிலர் இது குறித்து வருந்துகின்றனர். வருத்தம் வேண்டா என்பதே நம் கருத்து.

கருவி எந்நாட்டதாயினும் அதனைப் பாட வைப்பவனே பெருங்கலைஞன். விரைவு பயிற்சியால் வரும். கமகமோ பாட்டறிந்தவனுக்கே வரும். கிதாரின் மெட்டுகள் ஸ்வரங்களைத் தனித்தனியே நிறுத்துவன. நமக்கு மிக உகந்த இருவர் அத்தடையை இருவேறு வழியில் வென்றனர். விசுவமோகன் பட் தந்திமீது எஃகுக் கோலை வழுக்கி வாசிப்பவர்; அமெரிக்கரான ரை கூடருடன் 1994-இல் கிராமி விருது பெற்றார். நம் பிரசன்னாவோ, விரல்களாலேயே மின்கிதாரில் கர்நாடக இசையைப் பொழிபவர்.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 1969-இல் ஆந்திரத்துப் பாலக்கொல்லில் பிறந்தவர். அவருடைய ஆசிரியர் சுப்பராஜு மாண்டலின் வாசித்துக் காட்டவில்லை, பாடியே கற்பித்தார். கேட்டதைச் சிறுவன் தந்தியில் கொணர்ந்தான்.

ஆகவே, பிள்ளை விரும்பினால் கிதாரே வாங்கித் தருக. உடன் வாய்ப்பாட்டும் பயிற்றுவிக்க மறவற்க. வீட்டில் பாட்டு ஓய்ந்துவிடுமாயின், வீணையே வாங்கினும் பயன் யாது?