"பின் நம்பர் போட்டுத்தானே எடுத்திருக்கு?"

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா வாசிச்சிட்டு லைக் போடுங்க. வாசிக்காமலே கட்டை விரலை அமுக்கிவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

வெளிநாடு போன இடத்தில் ஏடிஎம்மில் பணத்தைப் பறிகொடுத்தவன் ஊருக்கு வந்து வங்கியில் போய் நின்றால் அவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்விதான் மேலே தலைப்பில் இருப்பது. "பின் நம்பர் போட்டுத்தானே எடுத்திருக்கு? அது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?" வீட்டுக்கு வந்தால் மாமாவும் சித்தப்பாவும் மச்சானும் அதையே கேட்கிறார்கள். கூடவே ஒரு சிரிப்பு வேறு.

முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்விக்குள் தப்பான நிரூபணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பின் நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். பின் நம்பர் போட்டுப் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எடுத்தது நான், இல்லையென்றால் நான் யாரிடமோ சொல்லியிருக்கிறேன். முதல் வரியே பொய். முதல் வரி பொய்யானால் கடைசி வரிக்கு நான் மார்க் போட்டதில்லை, பழைய மாணவர்களுக்கு அது நினைவிருக்கும்.

ஏன் பொய்? கார்டு சொருகும் வாயின் மேல் அதே நிறத்தில், அதே வடிவத்தில் ஒரு மேல்மூடியை ஒட்டிவிடுகிறார்கள். கார்டு உள்ளே போகும்போதே பின்பக்கக் கறுப்புப் பட்டையில் இருப்பதை அது நகல் எடுத்துக்கொள்ளும். எண்களை அமுக்கும் இடத்துக்கு மேலே ஊசித் துளை அளவில் ஒரு கேமரா. சில இடங்களில் விசைப்பலகையின் மேலேயே இன்னொரு போலி விசைப்பலகை. உங்களுக்குப் பணம் வரும், ரசீது வரும், கார்டும் திரும்பி வரும். சந்தேகப்பட ஒன்றுமே இருக்காது. இரண்டு நாளோ இரண்டு வாரமோ கழித்து வேறோர் ஊரில், வேறொரு வெள்ளைக் கார்டில் உங்கள் பட்டை பதியப்பட்டு, உங்கள் பின் நம்பரையே போட்டு எடுப்பார்கள். வங்கியின் கணினிக்கு அது நீங்கள் எடுத்த மாதிரியேதான் தெரியும்.

இது ஏதோ சினிமாக் கதை இல்லை. 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில், நமக்குச் செங்கோட்டை தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில், ருமேனியா நாட்டவர்கள் ஏடிஎம் அறைக்குள் புகையைக் கண்டுபிடிக்கும் கருவி மாதிரி ஒன்றை மாட்டி அதற்குள் கேமரா வைத்தார்கள். பணம் எடுக்கப்பட்டது மும்பையில். அதே வருடம் அக்டோபரில் இந்தியா முழுக்க சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் கசிந்திருக்கலாம் என்று வங்கிகள் அலறியடித்துக்கொண்டு கார்டுகளை முடக்கின. அதில் 19 வங்கிகளின் 641 வாடிக்கையாளர்களுக்கு 1 கோடியே 30 லட்சம் ரூபாய் போனதாகத் தேசிய கொடுப்பனவுக் கழகம் சொன்னது. அந்தக் கார்டுகள் பயன்படுத்தப்பட்டது சீனாவிலும் அமெரிக்காவிலும். அட்டைக்குச் சொந்தக்காரர்களோ இந்தியாவில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று கேளுங்கள். 2018 ஆகஸ்டில் புனேயில் உள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினிக்குள்ளேயே புகுந்து, போலிக் கார்டுகளை வைத்து 28 நாடுகளில் ஏடிஎம்களில் பணம் எடுத்தார்கள். மொத்த இழப்பு 94 கோடி ரூபாய். ஒரு வங்கியே இப்படி ஏமாந்து நின்றபோது யாரும் அந்த வங்கியைப் பார்த்து "கவனமா இருந்திருக்கக் கூடாதா தம்பி" என்று கேட்கவில்லை. அது "சைபர் தாக்குதல்". நம் வீட்டுப் பையனுக்கு நடந்தால் மட்டும் "கவனக்குறைவு". இது எந்த ஊர் நியாயம்?

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்று சொல்கிறேன். என்னிடம் படித்த பையன், சிவகாசியில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறான். பெயர் வேண்டாம். காலண்டர் சீசன் முடிந்ததும் மனைவியோடு பாலித் தீவுக்குப் போனான். அங்கே கடைத்தெருவில் தனியாக நின்ற ஒரு ஏடிஎம்மில் செலவுக்குப் பணம் எடுத்தான். (பாலியில் இந்தத் தொழிலுக்காகப் பல்கேரியா, ருமேனியா நாட்டவர்களை அந்நாட்டுப் போலீஸ் பல முறை பிடித்திருக்கிறது. டூர் ஏஜென்ட் யாரும் இதைச் சொல்ல மாட்டார், கோயிலும் கடற்கரையும்தான் சொல்வார்.) வியாழன் இரவும் வெள்ளி இரவும் அவன் கணக்கிலிருந்து வேறோர் ஊரில் 78,400 ரூபாய் எடுக்கப்பட்டது. அவனுக்குத் தெரியாது. ஏனென்றால் அங்கே ஒரு உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுவிட்டு நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்திருந்தான். எச்சரிக்கை எஸ்எம்எஸ் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து சிம்மை மாட்டியபோதுதான் வரிசையாக விழுந்தது.

திங்கட்கிழமை காலை வங்கி திறந்தவுடன் போய் நின்றான். மேலே சொன்ன கேள்வி கேட்டார்கள். "ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். கார்டை முடக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எழுதி வாங்கவில்லை, புகார் எண் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டில் அவன் எப்போது வெளியேறினான் என்ற முத்திரையைக்கூட யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் விஷயம் கசிந்து, "பாலிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்தவன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டான். ஒன்றரை மாதம் கழித்துத்தான் என்னிடம் வந்தான்.

அந்த வங்கி அலுவலர் சொல்லாமல் விட்டது என்ன? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கியிடமும் தப்பில்லை, வாடிக்கையாளரிடமும் தப்பில்லை, இடையில் மூன்றாம் ஆள் புகுந்து திருடிவிட்டான் என்றால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏழு நாள் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம்: தப்பு வாடிக்கையாளர் மேல் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. "நீங்க சொல்லலைன்னு நீங்க நிரூபிங்க" என்று கேட்கவே அவர்களுக்கு இடமில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. எஸ்எம்எஸ் அனுப்பிய வியாழனையே வைத்துக்கொண்டாலும், வெள்ளி ஒன்று, சனி வேலை நாளாக இருந்தால் இரண்டு, திங்கள் மூன்று. அவன் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கவுண்டரில் நின்றான். முழுப் பணத்துக்கும் உரிமை இருந்தவன் "ஒண்ணும் செய்ய முடியாது" என்ற மூன்று வார்த்தையை நம்பித் திரும்பி வந்தான்.

வங்கிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. என் மாணவர்களில் பல பேர் வங்கியில் இருக்கிறார்கள், கோபத்தோடு கமெண்ட் போடத் தயாராக இருப்பார்கள். கார்டு உறையிலேயே பின் நம்பரை எழுதி வைக்கிறவர்கள் நம் ஊரில் இல்லையா? கடைப் பையனிடம் கார்டைக் கொடுத்து, "நம்பர் அண்ணாச்சி பிறந்த வருஷம்தாண்டா" என்று தெருவே கேட்கக் கத்துகிறவர்கள் இல்லையா? அந்த மாதிரி நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் பொறுப்புதான். அதையும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் விசாரித்து அப்படித்தான் என்று கண்டுபிடிப்பது வேறு, விசாரிக்காமலே அப்படித்தான் என்று முடிவு கட்டி அனுப்புவது வேறு.

அடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழு. பையன் விஷயம் தெரிந்த அன்றைக்கு மட்டும் ஐந்து பேர் ஒரே செய்தியை அனுப்பினீர்கள்: திருடன் மிரட்டினால் பின் நம்பரைத் தலைகீழாகப் போடுங்கள், போலீசுக்குத் தகவல் போகும் என்று. அப்படி ஒரு வசதி கிடையாது. 1221 என்று பின் நம்பர் வைத்திருப்பவர் தலைகீழாக எப்படிப் போடுவார்? 7777? ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். கார்டைச் சொருகும் முன் கேன்சல் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் பின் நம்பர் திருடு போகாது என்பது இன்னொன்று. ரிசர்வ் வங்கி சொன்னதாகப் போட்டிருந்தது. அதுவும் பொய். ஊசித்துளைக் கேமராவுக்குக் கேன்சல் பட்டன் ஒரு பொருட்டா? பொய் வைத்தியம் சொல்கிறவர்கள்தான் உண்மையில் போக வேண்டிய மூன்று நாளை வீணடிக்கிறார்கள்.

உண்மையான தடுப்பு நம் போனிலேயே இருக்கிறது, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 2020 மார்ச் 16 முதல் புதுக் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்முக்கும் கடை மெஷினுக்கும் மட்டும்தான் திறந்து கொடுக்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கிச் செயலியில் திறக்க வேண்டும், வரம்பும் வைக்கலாம். டூர் கிளம்பும்போது திறந்தவர்கள் திரும்பி வந்து மூடுவதில்லை. அங்கே இருக்கும்போதும் பணம் எடுக்கும் ஐந்து நிமிடம் திறந்து, எடுத்தவுடன் மூடலாம். வரம்பை 15,000 என்று வைத்திருந்தால் திருடன் ஒரு நாளில் அதற்கு மேல் எடுக்க முடியாது. தொழில் பணமெல்லாம் கிடக்கும் கணக்கின் கார்டை எதற்காக விமானம் ஏற்றுகிறீர்கள்? செலவுக்குத் தேவையானதை மட்டும் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு, அல்லது கொஞ்சப் பணம் மட்டும் போட்ட தனிக் கணக்கு போதும். எடுப்பதானால் வங்கிக் கிளைக்கு உள்ளே இருக்கும் மெஷினில், வேலை நேரத்தில். எண் அமுக்கும் கையை மற்றக் கையால் மூடுங்கள், ஆட்டைக் கடிக்க வந்த நாயை மறைக்கிற மாதிரி அரைகுறையாக இல்லை, முழுசாக. கார்டு உள்ளே மாட்டிக்கொண்டால், பக்கத்தில் வந்து "இன்னொரு தடவை பின் போட்டுப் பாருங்க" என்று உதவி செய்கிறவன்தான் அதை மாட்ட வைத்தவன். ரூபாயில் கணக்குக் காட்டவா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அது திருட்டு இல்லை, ஆனாலும் காசு போகும்.

நம் ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள். இரண்டு சிம் போடும் போனில் அது பாட்டுக்குக் கிடக்கட்டும், எஸ்எம்எஸ் வந்தால் போதும்.

சிப் கார்டு பாதுகாப்பானதுதானே சார் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. சிப் ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒரு குறியீட்டை உண்டாக்கும், நகல் எடுத்துப் பயனில்லை. அதனால்தான் வெறும் பட்டைக் கார்டுகளை 2018 டிசம்பர் 31க்குள் மாற்றச் சொன்னார்கள். ஆனால் சிப் கார்டின் முதுகிலும் அந்தக் கறுப்புப் பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சிப்பைக் கேட்காத மெஷின் எங்கேயாவது இருந்தால் பட்டை போதும்.

அச்சகப் பையன் விஷயத்தில் இப்போது நடப்பது இது. எழுத்து மூலமாகக் கிளைக்கும் வங்கியின் குறைதீர் பிரிவுக்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம். பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட், ஹோட்டல் ரசீது, பணம் எடுக்கப்பட்ட நேரம் எல்லாம் இணைத்திருக்கிறோம். முதல் திங்கட்கிழமையே வந்தான் என்பதற்கு அன்றைக்குக் கார்டு முடக்கப்பட்ட எஸ்எம்எஸ்தான் சாட்சி. முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனுக்குப் போவோம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில் எந்த வங்கியானாலும் ஒரே இணையதளம்தான், கட்டணம் இல்லை. சந்தேகம் கேட்க 14448. உள்நாட்டு மோசடி என்றால் உடனே 1930.

பந்தியில் பெயர் வைத்த சொந்தங்களுக்கு ஒன்று. உங்களில் இரண்டு பேருக்கு இதே மாதிரி போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருவருக்குத் துபாயில், ஒருவருக்கு மலேசியாவில். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லியிருந்தால் இந்தப் பையன் உஷாராக இருந்திருப்பான்.

யாருக்காவது இப்படிப் பணம் போய், வங்கியில் வாய் வார்த்தையாக "முடியாது" என்று அனுப்பியிருந்தால், பாஸ்புக், எஸ்எம்எஸ் நகல், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். கடிதம் நான் எழுதித் தருகிறேன். ஏழு நாள் தாண்டிவிட்டது என்று வராமல் இருக்காதீர்கள். வரும்போது பின் நம்பரை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.