ஆடலாமா, கூடாதா? சொல்வது யார்?

சென்ற ஆண்டு வட்டாரக் கால்பந்துப் போட்டியில் என் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. “வலிக்கிறதா?” என்று பி.டி. டீச்சர் கேட்டார்கள். “இல்லை டீச்சர்” என்றேன். பொய். பிறகு இரண்டு மாதம் பூசையில் முழந்தாள்படியிட முடியவில்லை. ஆட ஆசைப்படுகிறவளிடமே கேட்டால் இந்தப் பதில்தான் வரும்.

பெரியவர்களும் அப்படியே. 1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று பிரேசிலின் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி, ஆடுவேன் என்று அவரே கேட்டதும் சேர்த்துக்கொண்டார்கள். பிரேசில் 0-3 என்று தோற்றது.

டாக்டர்தான் சொல்லவேண்டும் என்று எழுதி முடித்திருப்பேன். அன்வர் அலி குறுக்கே வந்துவிட்டார். பஞ்சாபைச் சேர்ந்த அவருக்கு 2019-இல் இதயக் கோளாறு தெரிந்தது. 2020-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஆடவேண்டாம் என்றது. அவர் டில்லி உயர் நீதிமன்றம் போனார். 2021-இல் அனுமதி கிடைத்து, 2022-இல் இந்தியாவுக்காகவே ஆடினார். பந்துதான் பிழைப்பு என்றால் அவர் பேச்சையும் கேட்கத்தானே வேண்டும்? ஆனாலும் கேட்பவர் கோப்பையில் ஆசையில்லாத டாக்டராக இருக்கட்டும்.

நம் போட்டிகளிலோ ஐஸ் கட்டி மட்டுமே இருக்கிறது. நம் சோளிங்கரில் நர்சு வேலை பார்க்கும் தாய்மார் உண்டு. அடுத்த போட்டிக்கு ஒருவர் வந்து மைதான ஓரம் உட்காரக் கூடாதா? அவர்களிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது.