தவளைக்குச் சாயம் பூசாதீங்க

போன ஐப்பசி மழையில் சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருத்தர், ஓடைக்கரையில் ராத்திரி எடுத்த படத்தைக் காட்டினார். ஊதாத் தவளை. கம்ப்யூட்டர்ல மெருகேத்தினதுல கத்திரிப்பூ நிறத்துல மின்னுச்சு. "இது நம்ம ஊர்த் தவளை மாதிரியே இல்லையேப்பா"ன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் இருக்கிற இந்த இனத்துக்கு 2017-லதான் தனிப்பெயர் வச்சாங்க, மறைந்த ஆய்வாளர் பூபதியின் நினைவாக. வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளதான் வாசம். இனப்பெருக்கத்துக்காக மழைக்காலத்துல சில நாள் மட்டும் வெளியே வரும். பார்க்க ஈர மண்ணாங்கட்டி மாதிரிதான் இருக்கும்.

இருட்டுல எடுத்த படத்துக்கு வெளிச்சம் கூட்டுங்க, தப்பில்ல. நிறத்தை மாத்தாதீங்க. மாத்தின படத்தையே பார்த்துப் பழகின பிள்ளை, நிஜத் தவளை எதிர்ல வந்தா மண்ணாங்கட்டின்னு நினைச்சு மிதிச்சுட்டுப் போயிரும்.

படத்துக்காகக் கையில பிடிக்கவும் வேண்டாம். தவளை தோல் வழியாவும் மூச்சு விடுது. நீங்க தடவியிருக்கிற கொசுக் களிம்பு அதுக்குக் கெடுதல்.

எடுத்த இடத்தையும் ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க. வெளியே வர்ற அந்தச் சில ராத்திரியும் நம்ம லைட்டு முன்னாடியே உட்கார்ந்திருந்தா, அது எப்பங்க முட்டை போடும்?