சோதனைச்சாலையிலும் ஒரு பாட்டாளி!

ஆராய்ச்சி ஒரு தவம் என்கிறார்கள்! பட்டமளிப்பு விழா மேடைகளிலே, பொன்னாடைக்கும் பூமாலைக்கும் நடுவே, இந்தச் சொல் தவறாமல் உலா வருகிறது. தவம் செய்பவன் பசிக்கிறது என்று சொல்லக் கூடாது. நேரமாயிற்று என்று எழக் கூடாது. கூலி என்று வாய் திறக்கவே கூடாது! உழைப்பை வாங்கிக்கொண்டு ஊதியத்தை மறுக்க நினைப்போர்க்கு இதைவிட வசதியான சொல் அகராதியிலே அகப்படாது. வயலில் உழைத்தவனிடம் தலைவிதி என்றார்கள்; சோதனைச்சாலையில் உழைப்பவனிடம் தவம் என்கிறார்கள். சரக்கு ஒன்றுதான், சீட்டுத்தான் வேறு!

நாம் சொல்லுகிறோம்: அவன் தபசி அல்லன், தொழிலாளி.

புதுவைத் தோழர்கள் முகம் சுளிக்கக் கூடும். "முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. ஆலையை 2020-ல் இழுத்து மூடினார்கள். நாங்கள் வேலை இழந்து நிற்கிறோம். இந்த நேரத்திலா வெள்ளை அங்கி போட்ட படிப்பாளிக்காகப் பரிந்து பேசுவது?" என்று கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. அதற்கு விடை, நம் ஊர் நீலத் துணியிலே இருக்கிறது.

அந்த நீலத் துணிக்கு ஒரு காலத்திலே கடல் கடந்த கீர்த்தி. 'கினே' என்று அழைத்தான் பிரெஞ்சுக்காரன். அவுரித் தொட்டியிலே தோய்த்துத் தோய்த்து எடுத்த அந்தத் துணி, ஆப்பிரிக்காவில் செனகால் ஆற்றங்கரையிலே நாணயம் போலவே செலாவணியாயிற்று. அதைக் கொடுத்து வேலம் பிசினை வாங்கிக் கப்பல் கப்பலாக ஏற்றினான் வெள்ளை வணிகன். நெய்தவன் நம்மவன். தோய்த்தவன் நம்மவன். முழங்கை வரை நீலம் ஏறி, கழுவியும் போகாமல் வாழ்ந்தவன் நம்மவன். இலாபம் ஏறிய கை யாருடையது என்று சொல்லவும் வேண்டுமோ!

அந்த நாளிலே ஜெர்மனியில் ஒருவர் கண்ணாடிக் குடுவைகளோடு அமர்ந்திருந்தார். அடால்ஃப் வான் பேயர் அவர் பெயர். அவுரி நீலம் எதனால் ஆனது என்ற ஆராய்ச்சியை 1865-ல் தொடங்கினார். 1880 அளவில் செடியே இல்லாமல் நீலம் செய்யும் வழி கண்டார். 1883-ல் அதன் அமைப்பையே வரைந்து காட்டினார். ஆனால் அந்த வழியில் செய்த நீலம் சந்தை விலைக்குக் கட்டுபடியாகவில்லை. பி.ஏ.எஸ்.எஃப். என்ற கம்பெனி ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மார்க் பணத்தை அந்த ஒரு சாயத்தின் மீது கொட்டிற்று. சூரிச் நகரில் கார்ல் ஹாய்மான் என்பார் 1890-ல் வேறொரு வழி காட்டினார். அதற்கு மூலப்பொருள், துணிப்பெட்டியிலே போடுகிறோமே, பாச்சை உருண்டை, அந்த நாப்தலீன்! அதை அமிலமாக மாற்றும் வேலை ஆமையாய் நகர்ந்தது. ஒரு நாள் சாப்பர் என்ற ஆய்வாளரின் வெப்பமானி கொதிகலத்திலே உடைந்தது, பாதரசம் சிந்திற்று, ஆமை குதிரையாகிவிட்டது! 1897-ல் செயற்கை நீலம் கடைக்கு வந்தது. அந்த ஆண்டு உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் ஏறத்தாழ 19,000 டன். 1914-ல் அது 1,000 டன் அளவுக்குச் சுருங்கிற்று. பேயருக்கு 1905-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெப்பமானி உடைந்த சாப்பரை யார் நினைக்கிறார்கள்?

புதுவையின் துணி வாணிபம் தேய்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஐரோப்பிய ஆலைத் துணியின் போட்டி சாமான்யமானதல்ல. திண்டிவனம் பக்கம் இன்றும் கொஞ்சம் அவுரி விளைகிறது என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் அவுரித் தொட்டிக்குப் பூட்டுத் தயாரான இடம் எது? ரைன் நதிக்கரைச் சோதனைச்சாலை! தோய்த்துக்கொண்டிருந்த நம் பாட்டனுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்ததா? தொழில் போன பிறகே தொழில் போயிற்று என்று அறிந்தான்.

ஆகவேதான் கேட்கிறோம்: சோதனைச்சாலையிலே என்ன நடக்கிறது, யார் பணத்தில் நடக்கிறது, யாருக்காக நடக்கிறது என்பது ஆலைத் தொழிலாளியின் கேள்வி அன்றோ? இன்று மின் ஸ்கூட்டர் வருகிறது. அதன் உயிர் லித்தியம் மின்கலத்தில் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து மாட்டிப் பிழைக்கும் நம் தம்பிமாரின் நாளைய சோற்றை அது தீர்மானிக்கப் போகிறது. அந்த மின்கலத்தின் வித்தையைக் கற்றவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்தார்களே, காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அங்கே இருக்கிறார்கள். ஊருக்கு வடக்கே காலாப்பட்டில், 1985-ல் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இரசாயனம் படித்து ஆராய்கிறார்கள்.

அவர்கள் செய்யும் வேலையைச் சற்றுப் பார்ப்போம். பொடியைக் கல்வத்திலே இட்டு மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். 900 டிகிரி உலையிலே வைத்து விடிய விடியக் காக்க வேண்டும். ஆறிய பிறகு எடுத்து எக்ஸ் கதிரிலே காட்டினால், வேண்டிய பொருள் வந்திராது! மறுபடி அரை. மறுபடி சுடு. இப்படி ஐந்தாறு ஆண்டுகள். செங்கற் சூளைக்காரனுக்குக்கூட வெந்த கல்லுக்குக் காசு உண்டு.

இவர்களுக்குக் கொடுப்பது என்ன? தேசியத் தகுதித் தேர்விலே முன்வரிசையில் தேறினால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டு கழித்து 42,000, வாடகைப் படி வேறு. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் பணம் மாதாமாதம் வருவதில்லை. மாதக்கணக்கில் நின்று, பிறகு சேர்ந்து வரும். அந்தத் தேர்வின் உதவித்தொகை வரிசைக்குள் வராதவர்க்கோ, மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2012-க்குப் பின் பல ஆண்டுகள் 8,000 ரூபாய்தான். அதே உலை, அதே இரவு, அதே புகை. கூலி மட்டும் நாலில் ஒரு பங்குக்கும் கீழே! வருங்கால வைப்பு நிதி கிடையாது. இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. காரணம், "நீ மாணவன்"!

மாணவன் என்ற அந்தப் பெயரிலே எத்தனை கேடு இருக்கிறது தெரியுமா? 2008 டிசம்பரில் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஓர் இரசாயனத்தைக் கையாண்ட 23 வயதுப் பெண் உடல் கருகி, 18 நாளில் மாண்டாள். வழக்கு நடந்தது. பேராசிரியரே குற்றவாளிக் கூண்டுக்கு இழுக்கப்பட்டார். எப்படி? அவள் சம்பளப் பட்டியலில் இருந்த ஊழியை. ஆகவே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பேசிற்று. ஊதியமற்ற மாணவியாக இருந்திருந்தால் அந்தச் சட்டம் வாய் மூடிக் கிடந்திருக்கும்! நம் நாட்டுச் சோதனைச்சாலைகளிலே நிற்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள்தான்.

1936 ஜூலை 30-ல், சவானா ஆலை வாசலிலே பிரெஞ்சுத் துரைத்தனத்தின் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு தொழிலாளர் பலியாயினர். 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த இரத்தத்தின் விலை புதுவைக்கு நன்றாகத் தெரியும். அத்தகைய மண்ணிலே, ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, குடும்பத்தின் முதல் பட்டதாரி, இரவு பதினொரு மணிக்கு உலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எத்தனை மணி நேரம் என்று எழுத ஒரு பேரேடு உண்டா? வார விடுமுறை உண்டா? வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. ஆகவே வாய் திறக்க முடிவதில்லை. நல்ல வழிகாட்டிகள் பலர் உண்டு, அவர்களை வணங்குகிறோம். ஒருவன் வாழ்வு இன்னொருவரின் நல்ல குணத்தையே நம்பித் தொங்கலாமா என்பதே கேள்வி.

பட்டம் பெறும்போது வயது முப்பதைத் தொடும். சி.எஸ்.ஐ.ஆர். நிலையங்களில் விஞ்ஞானி வேலைக்கு வயது வரம்பு 32. பிற்படுத்தப்பட்டோர்க்கு 3 ஆண்டுச் சலுகை. இடையிலே கிடைப்பது தற்காலிக வேலை, திட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போகும் வேலை. சென்னையிலே பிறந்த கே. வெங்கடராமன் சாய இரசாயனத்திலே உலகம் மதித்த மேதை. 1957-ல் பூனா தேசிய இரசாயனச் சாலையின் முதல் இந்திய இயக்குநரானார். அவர் பம்பாயிலே நிலையான நாற்காலியில் அமர்ந்து பல்லாண்டு ஆராய்ந்தவர். நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, அவரைப்போல் ஆகு என்று பிள்ளைகளுக்கு உபதேசிப்பது என்ன நியாயம்? பிள்ளை கப்பல் ஏறுகிறான். உடனே தேசப்பற்று இல்லை என்று பழி!

மாதம் பிறந்தால் உதவித்தொகை வர வேண்டும். தாமதித்தால் வட்டியோடு வர வேண்டும். சோதனைச்சாலை விபத்துக்கு நட்டஈடும் மருத்துவமும் சட்டப்படி வேண்டும். காலி இடங்களை நிரப்பி, இடஒதுக்கீட்டு வரிசையை ஏட்டில் மட்டுமல்ல, நாற்காலியிலும் காட்ட வேண்டும். இதைப் பாராளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் கேட்கட்டும். தொழிற்சங்கத் தீர்மானங்களிலும் இது ஏறட்டும். மே நாள் ஊர்வலத்திலே காலாப்பட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். வருவார்களா என்று தயங்க வேண்டாம். 2015 அக்டோபரில் தகுதித் தேர்வில்லாதார் உதவித்தொகையை ஒழிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு முடிவு செய்தபோது, தில்லியிலே அந்தக் குழுவின் வாசலில் இரவு பகலாய்க் குந்தி, டிசம்பர்க் குளிரிலே போலீஸ் தடியடியும் வாங்கி, அந்த 8,000 ரூபாயைப் பறிபோகாமல் காத்தவர்கள் அவர்கள் இனத்தார்தான்.