வயிற்றுப்பாட்டின் நல்லிணக்கம்

ஜோலார்பேட்டை தொடங்கி வேலூர் வரை மதநல்லிணக்கத்துக்கு மேடை தேவைப்பட்டதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலில் முதலாளிகள் பலர் முஸ்லிம்கள். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டுபவர்களிலும் ஷூ கம்பெனியில் தைக்கும் பெண்களிலும் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் ஏராளம். நோய் முற்றினால் எல்லோரும் ஓடுவது 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு. ‘இது வெறும் வயிற்றுப்பாடு’ என்பார்கள். இருக்கட்டுமே, மேடைப் பேச்சைவிட அது உறுதியானது. 2015 ஜூன் கலவரத்தில் ஆம்பூர் எரிந்ததே என்றால், அந்தக் கோபம் மூண்டது காவல் விசாரணைக்குப் பின் நேர்ந்த ஒரு மரணத்தால். அண்டைவீட்டாரின் மதத்தால் அல்ல. ஆனால் பிழைப்பே பிணைப்பு என்றால், அதன் சேதத்தையும் சரிசெய்தாக வேண்டும். தோல் கழிவால் பாலாறு கெட்டதற்கு 1996-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியிலும் இழப்பீடு கொடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. நல்லிணக்க மாநாடு நடத்துவோர் முதலில் அந்தப் பாக்கியைக் கேட்கட்டும்.