பழைய காருக்கு பெயின்ட் அப்புறம், வயரிங் முதல்ல

பழைய அம்பாசடர், பத்மினி வாங்கிப் புதுசாக்கும் ஆசை இப்போ நிறைய பேருக்கு இருக்கு. எனக்கும் உண்டு. வீட்டில் அப்பாவின் அம்பாசடர் மார்க் 4 நிற்குது. ட்யூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் அதன் டேஷ்போர்டுக்கு அடியில்தான் போகுது.

இந்த வேலையில் இறங்குபவர்களின் செலவுக் கணக்கைப் பாருங்க. டின்கரிங், பெயின்ட், குரோம், சீட், ரூஃப் துணி. கடைசி வரியில் "வயரிங், சில்லறை வேலை".

இந்த வரிசை தலைகீழா இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான த்ரெட்.

1. பெயின்ட் மோசமானால் கார் அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான். வயரிங் மோசமானால் கார் எரியும். காருக்குள் இருப்பது பஞ்சு, ரெக்சின், துணி, பிளாஸ்டிக். வயரின் மேலுறை பிவிசி. அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் குளோரைடும் வரும். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் புகை அது. கதவை மூடி ஓட்டிக்கிட்டிருக்கும் ஆளுக்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு.

2. "12 வோல்ட் தானே, என்ன ஆகும்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் தீ பிடிக்க ஷாக் தேவையில்லை, ஆம்பியர் போதும். கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மெல்லிய வயர் ஹீட்டர் காயில் மாதிரி சிவந்துடும்.

3. அம்பாசடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்ட் வழி வந்த கார். அதனால் அதன் வயரிங்கைப் படிக்க லூகாஸ் நிறக் கணக்கு தெரியணும்.
பிரவுன்: பேட்டரியிலிருந்து நேரா வருவது, எப்போதும் சப்ளை இருக்கும், ஃபியூஸ் கிடையாது.
வெள்ளை: சாவி போட்டால் சப்ளை, ஃபியூஸ் கிடையாது.
பச்சை: சாவி போட்டால் சப்ளை, ஃபியூஸ் வழியா.
ஊதா: எப்போதும் சப்ளை, ஃபியூஸ் வழியா.
சிவப்பு: பார்க்கிங், டெயில் லைட்.
நீலம்: ஹெட்லைட்.
கறுப்பு: எர்த்.
பத்மினி ஃபியட் வழி வந்தது. இந்தப் பட்டியலை அதற்குப் பயன்படுத்தாதீங்க.

4. இதில் முக்கியமானது பிரவுன். அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில் ஃபியூஸ் பெட்டியில் பெரும்பாலும் இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இல்லாத கார்கள் நிறைய. பிரவுன் வயர் எங்காவது தகரத்தில் உரசி உறை கிழிந்தால், நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை.

5. இன்னொரு சிக்கல். பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், அது 35 ஆம்பியரில் உருகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, சுமார் 17 தான். இன்றைய பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. "பழசுல 35, புதுசுலயும் 35 போடு"ன்னு போட்டால் பாதுகாப்பு பாதியாகிடுது. அந்த இடத்துக்கு 15 அல்லது 20 தான் சரி.

6. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னா சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடுவது நம்ம ஊர் கை வைத்தியம். காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துக்கிட்டே இருப்பதை விட மோசம் இது. ஃபியூஸ் போவது அறிகுறி. நோய் வேற எங்கேயோ இருக்கு.

7. எங்கே? நாற்பது வருஷத்தில் அந்தக் காரைத் தொட்ட ஒவ்வொருவரும் விட்டுப்போன ஜாயின்ட்டில். ஹாரன் வேலை செய்யலையா, புது லைன். ரேடியோ வைக்கணுமா, இருக்கும் வயரைச் சீவி முறுக்கி டேப். டேஷ்போர்டைக் கழற்றினால் பழைய லைன், புது லைன், எங்கேயும் போகாத லைன் எல்லாம் ஒரே கொத்தாகத் தொங்கும். அதிலும் சில வீட்டு வயர். வீட்டு வயர் சுவருக்குள் அசையாமல் இருக்கச் செய்தது. அதிர்வு, இன்ஜின் சூடு, ஆயில் மூன்றும் சேர்ந்த இடத்துக்கு அது ஆகாது.

8. "டாக்டர் சார், பழசை விட்டுடுங்க, புதுசா ஒரு லைன் இழுத்துடலாம்" என்பது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கும் வசனம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். லைன் தேடும் நேரத்துக்கு நாம காசு கொடுப்பதில்லையே! இரண்டு நாள் உட்கார்ந்து படம் வரைந்து கண்டுபிடிப்பவருக்கும், பத்து நிமிஷத்தில் டேப் சுற்றுபவருக்கும் ஒரே கூலி என்றால் யார் தேடுவார்? பெயின்ட்டருக்குப் பேரம் பேசாமல் கொடுக்கும் நாம், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மட்டும் பேரம் பேசுறோம்.

9. அறிகுறி ஒரு இடம், நோய் ஒரு இடம் என்பதற்கு நல்ல உதாரணம் இது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசா எரியுது. எல்லோரும் சுவிட்சை மாற்றுவாங்க. பெரும்பாலும் பிரச்சனை பின்பக்க லைட்டின் எர்த். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட், பக்கத்து பல்பு வழியா போகுது. துருவைச் சுரண்டி ஒரு ஸ்க்ரூவை முறுக்கினால் சரி. லைட்டை எரியவிட்டு, அதன் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைங்க. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

10. அடுத்தது ஹெட்லைட். 60 வாட் பல்பு இரண்டு என்றால் 10 ஆம்பியர். "வெளிச்சம் பத்தலை"ன்னு 100 வாட் போட்டால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். அத்தனையும் டேஷ்போர்டில் இருக்கும் அந்தப் பழைய சுவிட்ச் வழியா போகணும். சுவிட்ச் சுடும், பின்னாடி உறை இளகும். ஒரு ரிலே போட்டால் சுவிட்சுக்கு அரை ஆம்பியர் கூடப் போகாது. பல்பை மாற்றாமலே வெளிச்சமும் கூடும்.

11. இங்கேதான் சண்டை வரும். "கம்பெனியில் ரிலே கிடையாது, போட்டால் ஒரிஜினல் கெட்டுடும்"னு சொல்பவர்கள் உண்டு. ஒரிஜினல் என்பது கண்ணுக்குத் தெரியும் மீட்டர், சுவிட்ச், சீட், தையலில் இருக்கட்டும். அதே நிற வயர் போடுங்க, துணி டேப் சுற்றுங்க. ஆனால் உள்ளே மறைவா நாலு ஃபியூஸ், இரண்டு ரிலே, பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் சேர்ப்பதால் எந்தக் காரும் மதிப்பு குறையாது. அந்தக் கார் வந்தப்போ பின் சீட்டில் பெல்ட் கிடையாது. அதற்காக இன்று குழந்தையை பெல்ட் இல்லாமல் உட்கார வைப்பது மரபா?

12. அதனால் நான் சொல்லும் வரிசை இது.
கழற்றும் முன் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் போட்டோ எடுங்க, சீட்டு ஒட்டுங்க.
நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்து ஒவ்வொரு லைனையும் சோதிங்க. முந்தின மெக்கானிக் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்.
உறை விறைத்து, வளைத்தால் வெடிக்குதா? ஒட்டுப்போடாமல் முழு ஹார்னெஸையும் மாற்றுங்க.
தகரத்தைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம் இருக்கணும்.
டின்கரிங் முடிந்ததும், கார்பெட்டும் ரூஃப் துணியும் ஏறும் முன் வயரிங் முடியணும். அதன் பிறகு செய்தால், புதுசா ஒட்டியதைக் கிழிக்க மனசு வராமல் மறுபடியும் "புது லைன்" தான்.

13. ஓடும்போது எரிந்த வாசனை வந்தால் ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லோரும் இறங்குங்க. பானட்டை முழுசா திறக்காதீங்க, காற்று கிடைத்ததும் தீ எழும்பும். டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும். தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். அப்படியே மருத்துவமனைக்கு வாங்க.

பழைய காரை மீட்பது அழகான வேலை. ரோட்டில் பார்ப்பவர்கள் பெயின்ட்டைத்தான் பாராட்டுவாங்க, டேஷ்போர்டுக்குப் பின்னாடி யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. பரவாயில்லை. அந்தக் காரில் உட்காரப் போவது உங்கள் குடும்பம். பெயின்ட்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன், எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு நாள் கூலி கொடுங்க.